பெட்டிக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்கள்

எங்கள் காரைத் தினமும் ஓட்டுகிறவள் நான். காரைப் பற்றிப் பேசுகிறவர்கள் மற்ற எல்லோரும்.

சின்ன வயதில் வந்த போலியோவோடு என் இடது கால் வேலையை விட்டுவிட்டது. கிளட்ச் மிதிக்க அதனால் ஆகாது. அதனால்தான் கியர் தானாக மாறுகிற பழைய கார் ஒன்றை வாங்கி, அரியலூரிலிருந்து தா.பழூர் பக்கம் நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குத் தனியாகப் போய் வந்துகொண்டிருந்தேன். "ஆட்டோமேட்டிக்கா? சோம்பேறி வண்டியாச்சே" என்று பெட்ரோல் பங்கில்கூட யாராவது ஞானம் வழங்குவார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

ஒரு மழைக்குப் பிறகு வண்டி மூன்றாவது கியரிலேயே நின்றுகொண்டது. பெரம்பலூரில் என் கொழுந்தனுக்குத் தெரிந்த பட்டறையில் பார்த்தார்கள். கியர்பாக்ஸ் நன்றாகத்தான் இருந்தது. எப்போது எந்தக் கியர் போடவேண்டும் என்று அதற்கு உத்தரவு போடும் எலெக்ட்ரானிக் பெட்டிதான் செத்துவிட்டது. கம்பெனி அதைச் செய்வதையே நிறுத்திவிட்டதாம். வெளியார் செய்கிற பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்துப் பொருத்தவேண்டும்.

அதுவரை என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார், வந்து அழைத்தும் போனார். சாயங்காலம் எல்லோரும் போனபிறகு வாட்ச்மேன் எனக்கு நாற்காலி எடுத்துப்போட்டு, "சார் இன்னும் வரலீங்களா டீச்சர்?" என்பார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வரும். என் வீட்டுக்காரருக்கோ இந்த ஏற்பாடு பிடித்துப்போனது. "பேசாம காரை வித்துருவோம். நான் இருக்கேன்ல" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

பெட்டியைத் தேர்ந்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் உயர்மட்டக் குழு கூடியது. என் வீட்டுக்காரர், கொழுந்தன், மெக்கானிக். ஸ்டியரிங்கிலேயே பட்டன் வைத்துக் கியர் மாற்றுகிற பெட்டி வேண்டும் என்றார் கொழுந்தன். போனில் ஆப் வேண்டும், கியர்பாக்ஸ் சூட்டைக் கலர் கலராகக் காட்டவேண்டும். மெக்கானிக்குக் கம்ப்யூட்டரில் போட்டு நோண்ட வசதி வேண்டும். என் வீட்டுக்காரருக்கு வெளிநாட்டுச் சரக்காக இருந்தால் போதும். உனக்கு என்ன வேண்டும் என்று என்னையும் கேட்டார்கள். டீயா, காபியா என்று.

எனக்குக் கேட்க இருந்தவை வேறு. லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது குலுங்காமல் போகுமா? வேகத்தடையில் மெதுவாக எடுக்குமா? பெட்டி பழுதானால் நடுரோட்டில் நிற்குமா, ஒரே கியரிலாவது வீடு வந்து சேருமா?

"அண்ணி, வாங்குறப்பவே ஏன் அபசகுனமா பேசுறீங்க? இதெல்லாம் டெக்னிக்கல் மேட்டரு, வுடுங்க" என்றார் கொழுந்தன்.

கடைசியில் என் மூன்று கேள்விக்கும் தேறிய பெட்டியேதான் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. என் பேச்சைக் கேட்டு வாங்கியதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். மற்றதெல்லாம் எங்கள் காருக்குப் பொருந்தாது என்று தெரிந்துபோனது, அவ்வளவுதான்.

அந்தப் பெட்டிக்கு ஒரு குணம். பொருத்தியதும் முதலில் ஓட்டுகிறவரின் காலைக் கவனித்து, அதற்கேற்பக் கியர் மாற்றப் பழகிக்கொள்ளும். "தினமும் யார் ஓட்டுறாங்களோ அவங்களே, தினமும் போற ரோட்டுலயே ஓட்டணுங்க" என்று விற்றவர் போனில் படித்துப் படித்துச் சொன்னார். போன் கொழுந்தன் கையில் ஸ்பீக்கரில் இருந்தது. "சரிங்க, சரிங்க" என்று வைத்துவிட்டு மூன்று பேரும் காரில் ஏறி, கொழுந்தன் ஸ்டியரிங் பிடிக்க, திருச்சி நாலுவழிச் சாலையில் பறந்தார்கள். நான் ஆயில் டப்பாக்களுக்குக் காவல் இருந்தேன்.

"அண்ணி, வண்டி பிச்சிக்கிட்டுப் போவுது!" என்று திரும்பி வந்தார் கொழுந்தன்.

போனது. அதுதான் வினை. மறுநாள் நான் சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டால் போதும், கியரை இறக்கிக்கொண்டு பாய்ந்தது. என் கால் பட்டாலும் பெட்டிக்குள் கொழுந்தன்தான் உட்கார்ந்திருந்தார். பாதி ரோட்டை அடைத்து நெல் காயப்போட்டிருந்த இடத்தில் ஒரு துள்ளுத் துள்ளி நெல்மேலேயே ஏறியது. காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "ஓட்டத் தெரியலன்னா வூட்ல இருக்க வேண்டியதுதானே!" என்று கத்தினார். கை கூப்பிவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னேன். "நாங்க ஓட்டுனப்ப நல்லாத்தானே இருந்துச்சு? உனக்குத்தான் ஒத்துவரல" என்றார் வீட்டுக்காரர். தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

கோயம்புத்தூரில் பெட்டி விற்றவருக்கு நானே போன் போட்டேன்.

"வண்டி தினமும் யாருங்க ஓட்டுறது?"

"நான்தான்."

"அன்னைக்குப் பழக்குனது?"

"எங்க வூட்டு ஆம்பளைங்க."

"அதாங்க விஷயம்" என்றார். பிறகு, பெட்டி கற்றதை அழிக்கும் முறையைச் சொல்லித் தந்தார். "புதுசா நீங்களே ஓட்டுங்க மேடம். அது பழகுற வரைக்கும் வேற யாரும் தொட வேணாங்க."

மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். "தனியாவா? இரு, நானும் வரேன்" என்று செருப்பைத் தேடினார் வீட்டுக்காரர். அவர் தேடட்டும் என்று விட்டுவிட்டுக் கிளம்பினேன். லாரியின் புழுதியைத் தின்றுகொண்டே ஊர்ந்தேன். வேகத்தடைகளில் கும்பிடு போட்டு ஏறி இறங்கினேன். முதலில் முரண்டு பிடித்த பெட்டி, அந்த வாரக் கடைசிக்குள் என் காலுக்கு அடங்கி, பாயாமல் மெதுவாக எடுக்கப் பழகிவிட்டது. பள்ளிக்கூடத்து வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இறங்காமலே உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். காரை வாங்க வந்தவராம். வீட்டுக்காரர் போன வாரமே சொல்லி வைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது.

வந்தவர் காரை எடுத்துப்போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். "மிதிச்சா நவுரவே மாட்டேங்குதுங்க. வண்டில உசுரே இல்ல" என்று சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். கொழுந்தன் என்னைப் பார்த்தார். "ஐயோ, அப்படிங்களா?" என்று வருத்தப்பட்டு, அவரைத் தெருமுனை வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்து வீட்டுக்காரர் முன்னால் கையை நீட்டினேன். சாவியைக் கொடுத்தார். நீட்டிய கையை நான் மடக்கவில்லை.

"அதான் குடுத்துட்டேனே?"

"பீரோவுல இன்னொரு சாவி இருக்குல்ல, அதையும் குடுங்க" என்றேன்.