மாடிக்கு நேராக ஒரு பைனாகுலர்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஐப்பசி மாதம். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, பக்கத்திலேயே ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். எனக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம்.

அந்த வாரம் எங்கள் அறைக்கு இரண்டாம் ஷிப்ட். மதியம்தான் கம்பெனி பஸ் வரும் என்பதால், காலையில் துணி துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டு, தலையை உலர்த்திக்கொண்டே ஊருக்கு போன் பேசுவோம். நாலு சுவருக்குள் வேலை, நாலு சுவருக்குள் தூக்கம் என்றிருந்த எங்களுக்கு அந்த மாடி ஒன்றுதான் ஆறுதல்.

ஒருநாள் பார்த்தால், பின்வீட்டுத் தோட்டத்தில் ஓர் ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கள் மாடிக்கு நேராக பைனாகுலரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மறுநாளும் அதே நேரம், அதே நாற்காலி. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

வார்டனிடம் சொல்லலாம்தான். ஆனால் முந்தைய வருடம் எதிர்க் கட்டடத்திலிருந்து ஒருவன் எங்களை செல்போனில் படம் பிடித்தபோது சொல்லிப் பார்த்தோம். அவனை யார் என்ன கேட்டார்களோ தெரியாது, எங்கள் மாடிக் கதவுக்குப் பூட்டு விழுந்தது. மழைக்காலம் முழுக்க ஈரத்துணியை அறைக்குள் ஃபேனுக்கு அடியில் போட்டு, அந்த நாற்றத்திலேயே படுத்து எழுந்தோம். இன்னொரு முறை பூட்டினால் திறக்கவே மாட்டார்கள். அதனால் நாமே பேசி முடித்துவிடலாம் என்று அறைத்தோழியை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். அவளுக்குப் பயம். எனக்கும்தான், ஆனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

வாசலில் சிலுவை மாட்டிய வீடு. கதவைத் திறந்த அம்மாவைத் தாண்டி நேராகத் தோட்டத்துக்கே போய்விட்டேன்.

"பொம்பளப் பிள்ளைய துணி காயப்போடுத எடத்துல என்னத்தப் பாக்கீய? ஒங்களுக்கு வெக்கமா இல்ல?" தெருவே கேட்கும்படி கத்தினேன்.

அவருக்கு என் அப்பா வயது இருக்கும். கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். காலை ட்ரிப் முடித்து வந்து காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. முகம் வெளிறிப்போய்விட்டது. பைனாகுலரை என் கையில் கொடுத்து, விடுதிக்கு மேலே வெகு உயரத்தைக் காட்டினார். "அத்தப் பாரும்மா."

முதலில் வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது. அப்புறம் ஒரு பருந்து அகப்பட்டது. அதற்கு மேலே இன்னொன்று, இன்னும் மேலே சில. சிறகையே அசைக்காமல் வட்டம் போட்டு ஏறிக்கொண்டிருந்தன. பருந்து என்றதும் என் தோழி பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கருடன் இல்லம்மா, பூனப்பருந்து. வடக்க குளிர் வந்தா இங்க வந்துடும். கம்பெனி ஷெட்டு தகரம் சூடாச்சுன்னா காத்து மேல ஏறும், அத்தப் புட்ச்சிகினு இதுவும் ஏறும்" என்றார். வெயில் ஏறும் அந்த நேரம்தான் பருந்துக்கும் தோது, எங்கள் துணிக்கும் தோது. பைனாகுலரை அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். மன்னிப்புக்கூடக் கேட்காமல் தோழியோடு கிளம்பிவிட்டேன்.

விடுதிக்குத் திரும்பினால், நான் கத்திய சேதி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. வார்டன் கையில் பூட்டு. பருந்து என்று நாங்கள் சொன்னதை அவர் காதிலேயே வாங்கவில்லை. மற்றப் பெண்கள் என்னை முறைத்தார்கள். எதற்குப் பயந்தேனோ அதை நானே வாங்கிக்கொண்டு வந்த மாதிரி ஆகிவிட்டது. 

அந்த நேரத்தில் பைனாகுலர்க்காரரும் அவர் மனைவியும் எங்களைத் தேடி வந்தார்கள். ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. மாடிக்குப் பூட்டு என்று தெரிந்ததும், கேட்டுக்கு வெளியே நின்றபடியே வார்டனிடம் பேசினார்.

"மேடம், நான் வானத்ததான் பாத்தேன். ஆனா மாடில நிக்கிற பொண்ணுங்களுக்கு அது எப்டித் தெரியும்? அதுங்க மேல தப்பு இல்ல. துணிய எடுத்துகினு அதுங்க எறங்குற வரிக்கும் நான் வூட்டுக்குள்ளாறயே இருந்துக்கிறேன். மாடிய மட்டும் பூட்டாதீங்க."

அவர் மனைவியும் தான் பொறுப்பு என்று சொன்ன பிறகு, வார்டன் அரை மனதாகப் பூட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். நல்ல வெயில் அடித்த காலைகளில் தோட்டத்து நாற்காலி காலியாகக் கிடக்கும். மேலே பருந்துகள் போய்க்கொண்டிருக்கும். பார்க்கப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் எல்லோருமாகச் சீக்கிரமே துணிகளை அள்ளிக்கொண்டோம். மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தெருவே கேட்கும்படி கத்தினேன்: "அம்மா, அய்யாவ வெளிய வரச் சொல்லுங்க, மேல பருந்து வந்துட்டு!"

யாரோ பார்க்கிறார்கள் என்றால், சின்ன வயதிலிருந்து வீட்டிலும் விடுதியிலும் எல்லோரும் எங்களைப் பார்த்துச் சொன்னது "நீ உள்ளே போ" என்பதுதான். "நான் உள்ளே போகிறேன்" என்று சொன்ன ஒரே மனிதரை நான் அன்றைக்கு அந்தக் கேட்டுக்கு வெளியேதான் பார்த்தேன்.