கீரைக்கு எத்தனை தண்ணீர்?

படிக்கத் தொடங்குமுன் வெர்லீன் செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளுவாள். சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த கைபேசியின் கண்ணைப் பாவாடை ஓரத்தால் ஒரு துடைப்பு. பிறகு கைபேசிக்குப் பின்னால் நாற்காலியில் இருக்கும் புருஷன் ரோசெலைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவாள். அவன் தொண்டையைக் கனைத்தால்தான் இவளுக்குக் குரல் எழும்பும்.

மேக்கன் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் அவள். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வந்ததும், கறுப்பின எழுத்தாளர்களின் புத்தகம் ஏதாவதொன்றிலிருந்து நேரலையில் வாசிப்பாள். போதகரின் வரிக்கு வரி ஜனங்கள் பதில் குரல் கொடுக்கும் சபையில் வளர்ந்த நாக்கு; பதில் குரல் வராமல் அடுத்த வரிக்கு நகராது. அந்தப் பதில் குரல்தான் ரோசெல். அவனாக ஒரு புத்தகத்தைத் திறந்ததில்லை. ஆனாலும் சரியான இடத்தில் "அப்படிச் சொல்லு!" என்பான். "நிதானமா கண்ணு, நிதானமா!" என்பான். சோகமென்றால் வெறும் "ம்ம்ம்... கர்த்தாவே."

பார்ப்பவர்கள் அவன் முகத்தைக் கண்டதே இல்லை. கமெண்ட்டிலோ, "அத்தை, மாமா சத்தத்தையே காணோம்?" என்பதுதான் முதல் கேள்வி. வெர்லீனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரியில் சிகாகோ வாசகிகள் குழு ஒன்று தங்கள் இணையப் பக்கத்தில் வாசிக்க அழைத்தது. வெர்லீன் எடுத்துக்கொண்டது கோரா பெல் மிம்ஸை. மேக்கன் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலை பார்த்து, கைக்காசைப் போட்டு ஒரே ஒரு கவிதைப் புத்தகம் அச்சடித்துவிட்டுச் செத்துப்போனவள். உள்ளூரிலேயே அவளை யாருக்கும் தெரியாது. "ஜனங்க கேட்டா நாங்களே மறுபதிப்பு போடுறோம் அத்தை," என்றார்கள் சிகாகோக்காரிகள். "மறக்காம மாமாவையும் கூட்டிட்டு வாங்க."

அந்தக் கடைசிச் சொல்தான் தைத்தது.

"இன்னிக்கு நீ அடுப்படியில இரு," என்றாள்.

"நான் என்ன பண்ணேன்?"

"கோரா பெல்லைக் கேக்க வர்றாங்க. உன்னை இல்ல."

"சரிங்க மகாராணி. நான் கீரையைப் பாக்குறேன்."

முதல் கவிதையை வாசித்தாள். திரையில் இதயங்கள் மிதந்தன, இதயங்களுக்குச் சத்தமில்லை. அவள் குரல், அடுத்த நிறுத்தத்தை அறிவிப்பதுபோல் தட்டையானது. இரண்டாவதைத் தொடங்கினாள்:

*என் அம்மா கீரையை மூன்று தண்ணீரில் அலசினாள்;*
*மூன்றாம் தண்ணீரில் அவள் முகம் தெரிந்தது.*

அதற்குமேல் வரவில்லை. காத்திருந்தாள். கோரா பெல் இன்றைக்கு இரண்டாம் முறை சாகப்போகிறாள் என்று பட்டது.

"மூணா?" ஈரக் கையோடு வாசலில் ரோசெல்.

"உள்ள போ."

"மூணாந் தண்ணியில மூஞ்சியா தெரியும்? மண்ணுதான் தெரியும்! நாலு அலசு அலசணும்."

"இது கவிதை, மனுஷா!"

"கவிதைன்னா மண்ணைத் திங்கணுமா?"

கமெண்ட் பொங்கி வழிந்தது. "எங்கம்மா அஞ்சு, அதுவும் உப்புப் போட்டு," என்றாள் ஒருத்தி. "மூணே போதும், மாமாவுக்கு அலசத் தெரியல," என்றாள் இன்னொருத்தி. "கழுவினதே பாக்கெட்ல விக்குதே?" என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். கட்சி பேதமில்லாமல் எல்லோரும் அவன்மீது பாய்ந்தார்கள்: "உன்னை யாருடா வளர்த்தது?"

"வாயை மூடுங்க எல்லாரும்!" பேருந்தின் கடைசி இருக்கைவரை போன குரல் அது. "அந்தப் பொம்பளை எழுதினதை முழுசாக் கேட்டுட்டுச் சண்டை போடுங்க. நீயும் உக்காரு."

ரோசெல் உட்கார்ந்தான். அவள் வாசித்தாள். "நிதானமா கண்ணு," என்றான், கொஞ்சம் பயத்தோடு. அதன்பிறகு வரிகள் தாமாக வந்தன.

சலூனிலும் சபை வாசலிலும் மூன்றுக்காரர்கள், நாலுக்காரர்கள் என்று ஊரே பிரிந்தது. வாதாட அந்த வரியைச் சொல்லியாக வேண்டும். சொல்லிச் சொல்லி மனப்பாடமாயிற்று. இரு தரப்புக்கும் ஆதாரத்துக்குப் புத்தகம் தேவைப்பட்டது. சிகாகோக்காரிகள் அச்சுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"வித்துக் குடுத்தது யாரு?" என்றான் ரோசெல்.

"கோரா பெல்லைக் கீரைக்காரி ஆக்கினவன் யாரு, அதைச் சொல்லு முதல்ல."

புத்தகம் வெளிவந்த பிறகு சவானாவிலிருந்து கோரா பெல்லின் அண்ணன் மகள் போன் செய்தாள். நன்றி சொன்னாள். அந்தச் சண்டையையும் பார்த்தாளாம், சிரித்தாள்.

"ஆனா ஒண்ணும்மா, கோரா அத்தையோட அம்மா, அத்தையைப் பெத்தப்பவே போயிட்டாங்க. தாத்தாதான் வளர்த்தார். அந்த வீட்டுல கீரைன்னா எப்பவும் கடையில டப்பாவுல அடைச்சு விக்கிற கீரைதான்; அலசுற வேலையே இல்ல."