இயேசுவுக்கு நான் சாட்சி கேட்ட நாள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, சிரம்பான் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் நான் வேலை பார்த்தபோது நடந்தது இது. கோலா சாவாவில் எங்கள் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் அப்போது நான்கில்தான் ஆள் இருந்தது. அதில் ஒன்றில் நான் தனியாக இருந்தேன். தொழிற்சாலை பஸ் காலையில் தோட்டத்துச் சந்திக்கு வரும். எனக்கு முன்பே பெடாஸ் ஊரில் ஏறும் ஓர் அக்கா எனக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருப்பார். கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகும் கிறிஸ்தவர். நான் கூச்சக்காரி. அவர் பேசுவார், நான் கேட்பேன். பல நாள்களில் என்னிடம் பேசும் ஒரே ஆள் அவர்தான்.

ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது, பின் இருக்கையில் ஸ்டோர்காரரும் லாரி ஓட்டுநரும் இயேசு உண்மையில் வாழ்ந்தவரா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவரை நம்பாத ரோமாபுரிக்காரர்களே அவரைக் கொன்றதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்றார் ஸ்டோர்காரர். அந்த வாரம்தான் கைப்பேசியில், அப்படி ஒருவர் வாழவே இல்லை என்று சொல்லும் ஒரு காணொளி பார்த்திருந்தேன். என்ன தைரியமோ, திரும்பி உட்கார்ந்தேன்.

"அதெல்லாம் அவரு செத்து ரொம்ப வருஷம் கழிச்சி எழுதுனதுண்ணே. கூட இருந்து பார்த்தவங்க எழுதுனது ஒண்ணு காட்டுங்க."

"தங்கச்சியே பேசிருச்சு லா. இனி நீ வாயத் திறக்காத" என்று லாரிக்காரர் ஸ்டோர்காரரைச் சீண்டினார்.

எல்லாரும் சிரித்தார்கள். என் பேச்சை நாலு பேர் கேட்பது எனக்குப் புதிது. அந்த ருசியில், காணொளியில் கேட்ட மற்றதையும் அடுக்கினேன். என் சந்தி வந்து இறங்கும்போதுதான், பக்கத்தில் இருந்த அக்கா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று உறைத்தது.

மறுநாள் அவர் பஸ் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெடாஸுக்குப் போய் அவர் கதவைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"மத்தவங்க சொல்லியிருந்தா விட்டுருப்பேம்மா. வீட்டுக்காரரு போனதிலேர்ந்து, வேலை விட்டு வந்தா அன்னைக்கி நடந்தத இயேசப்பாகிட்டதான் சொல்றேன். தனியா இருக்கிற வீடு எப்பிடின்னு உனக்குத் தெரியும்ல. அப்பிடி ஒரு ஆளே இல்லன்னு நீயே சொன்னா, இத்தன வருஷமா நான் யாருகிட்டம்மா பேசிக்கிட்டு இருந்தேன்?"

எனக்குத் தெரியும்தான். ஒரு குரல் கேட்கட்டும் என்று, வீட்டுக்குள் நுழைந்ததும் டிவியைப் போட்டுவிடுகிறவள் நான். கோப்பியைக் குடித்து முடித்துக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை மறுபடியும் பக்கத்தில் இடம் கொடுத்தார். ஆனால் மழை, மீன் விலை, ஓவர்டைம் என்பதோடு பேச்சு நின்றது. அவர் வீட்டுக்குள் நடப்பது எதுவும் அதன் பிறகு என் காதுக்கு வரவில்லை. சில மாதங்களில் ஜொகூரில் இருக்கும் தங்கையிடமே போய்விட்டார்.

இயேசு வாழ்ந்தவர் என்றுதான் ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோர் சொல்கிறார்களாம். பிறகுதான் அறிந்தேன். அக்காவுக்குப் போன் செய்து அதைச் சொல்ல நினைத்து, செய்யாமல் விட்டேன். அன்று அவர் என்னிடம் கேட்டது அது இல்லையே. நாலு பேர் என் பேச்சைக் கேட்ட அந்தக் கொஞ்ச நேரத்துக்காக, என்னிடம் பேச இருந்த ஒரே ஆளை நானே இழந்தேன் என்பது இன்றும் மனதை அறுக்கிறது.