ஏழாவது மாடியில் லிப்ட் நிற்காது

குவீன்ஸ்டவுனில் பார்க்க என்ன இருக்கிறது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்து அங்கே ஒரு ஜன்னல் இருந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் நான் முதன்முதலாகச் சிங்கப்பூர் போன 1985 ஆகஸ்டுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் என் சித்தி மகள் ஸ்டெல்லா வீட்டில் தங்கியிருந்தேன். முதியவர்களுக்கு உதவும் சங்கம் ஒன்றில் அவளுக்கு வேலை. பூக்கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். கீழே மல்லிகை கட்டுவார்கள், மேலே புதிதாக வந்த கம்ப்யூட்டர் துளை போட்ட காகிதத்தைக் கரகரவென்று துப்பிக்கொண்டே இருக்கும். மழைக்கு முந்தைய வெளிச்சத்தில் அந்த வெள்ளைக் காகிதம் மேசையிலிருந்து வழிந்து தரையில் மடிந்து கிடக்கும். பூவாசமும் சூடான மிஷின் வாசமுமாக எனக்குக் கண் சொருகும். வந்த இடத்தில் ஒரு சேலைக் கடையைக்கூட நிம்மதியாகப் பார்க்கவிடாமல் என்னை அங்கே உட்காரவைத்துவிட்டாளே என்று எரிச்சல் வேறு.

ஸ்டெல்லா சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தாள். சங்கத்தின் மருத்துவ வேன் வாரம் ஒரு முறை ஒவ்வொரு குடியிருப்பின் அடியிலும் வந்து நிற்கும். யார் யார் வந்து காட்டிக்கொள்கிறார்கள் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்ததில், குவீன்ஸ்டவுனில் ஒரு கட்டடத்திலிருந்து மட்டும் ஆளே வருவதில்லை என்று தெரிந்தது.

"அங்க எல்லாரும் ஹெல்த்தியா இருக்காங்கக்கா. ஃப்ரைடே மீட்டிங்ல வேனை ஜூரோங்குக்கு மாத்தப் போறோம். ரிப்போர்ட்டுக்கு ஒரு ஃபோட்டோ மட்டும் வேணும் லா" என்றாள். பேச்சின் முடிவில் 'லா' போடுவது சிங்கப்பூர்ப் பழக்கம்.

கட்டட எண்ணைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். திருச்சியில் எங்கள் தெரு லூர்தம்மாள், "சிங்கப்பூரா போற? இதைக் கொஞ்சம் எங்க அண்ணங்கிட்ட குடுத்துடு" என்று நாரத்தங்காய் ஊறுகாய்ப் பொட்டலத்தை என் தலையில் கட்டியிருந்தாள். வெளிநாடு போகிறவளின் பெட்டியில் பாதி ஊராருக்குச் சொந்தம். அந்த அண்ணன் சவரிமுத்து இருந்தது அதே கட்டடத்தில்தான். ஒரே நடையில் இரண்டு வேலை முடியும் என்று ஸ்டெல்லா கேமராவை எடுத்துக்கொண்டாள்.

அப்போது எம்.ஆர்.டி. ரயில் கிடையாது. காலை எட்டு மணிக்குப் பஸ் ஏறி, தூறலில் நகரமே கரைந்து ஓடுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு, முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். (இப்போது லிட்டில் இந்தியாவில் ஊதாத் தடத்தில் ஏறி, ஊட்ரம் பார்க்கில் பச்சைத் தடத்துக்கு மாறினால் போதும்.)

ஏழாவது மாடிக்குப் போக வேண்டும். லிப்ட்டில் மூன்றே பொத்தான்கள் இருந்தன: ஒன்று, ஐந்து, ஒன்பது. செலவைக் குறைக்க அந்தக் காலத்தில் அப்படித்தான் கட்டினார்களாம். ஐந்தில் இறங்கி மீதியைப் படியேறினோம். எனக்கு மூச்சு வாங்கியது. முன்னால் போன ஸ்டெல்லா பாதிப் படியில் நின்று, ஏறிவந்த படிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

சவரிமுத்து ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். கப்பல் பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. இடது கால் துணிக்கட்டோடு ஸ்டூல்மேல் இருந்தது. சர்க்கரைப் புண். அறையில் அந்த வாடை அடித்தது.

"லூர்து குடுத்தாளா? கழுதை, இன்னும் ஞாபகம் வச்சிருக்கா." ஊறுகாயை முகர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"கீழ வேன் வருதே அங்கிள், நீங்க ஏன் வரல?" என்றாள் ஸ்டெல்லா.

"வருது, வருது. வாராவாரம் இங்கேர்ந்து பாக்கிறதுதானே. வேன் வந்தா வியாழக்கிழமைன்னு தெரிஞ்சிக்குவேன். டாக்டருக்கு நடு மண்டையில வழுக்கை. இந்தக் காலோட எப்டிம்மா எறங்குறது? பக்கத்து வீட்டுச் சீனக்கெழவிக்கும் முட்டி வலி. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு இருப்போம் லா."

ஸ்டெல்லா கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டாள். அலுவலகம் போனதும் எல்லாக் கட்டடங்களின் பெயர்ப் பதிவோடும் மாடி எண்ணைச் சேர்த்துத் தட்ட ஆரம்பித்தாள். மறுநாள் மதியம் காகிதம் வெளியே வந்தது. வேனுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நட்சத்திரக் குறி; லிப்ட் நிற்கும் மாடிகளுக்கு நேரே அவை நெருக்கியடித்து நின்றன. நிற்காத மாடிகளுக்கு நேரே வெறும் வெள்ளை. கட்டடத்துக்குக் கட்டடம் அதே கதை. குவீன்ஸ்டவுன் கட்டடத்தில் லிப்ட் நிற்கும் மாடிகளில் இருந்தவர்களெல்லாம் இளம் குடும்பங்கள்; அதனால்தான் அங்கிருந்து யாருமே வரவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

"வராதவங்களை நான் நல்லா இருக்காங்கன்னு எழுதிட்டேன்க்கா" என்றவள் அந்த வெள்ளையை விரலால் தடவிக்கொண்டே அழுதாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அந்தக் காகிதத்தை நீளமாக விரித்துக் காட்டினாளாம். வேன் அங்கேயே இருக்கும், இனி நர்ஸ் மாடியேறிப் போவார் என்று முடிவானது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்: ஆகஸ்டிலும் குடை வேண்டும். யாராவது பொட்டலம் கொடுத்தால் முணுமுணுத்துக்கொண்டாவது வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது பெரும்பாலான கட்டடங்களில் லிப்ட் எல்லா மாடியிலும் நிற்கிறது.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் வியாழக்கிழமை. புண்ணை டாக்டர் பார்த்தே ஆக வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டதால், ஸ்டெல்லாவின் மாதா கோயில் பாடகர் குழுப் பிள்ளைகள் இரண்டு பேர் சவரிமுத்துவை நாற்காலியோடு ஐந்தாவது மாடிவரை தூக்கிவந்து லிப்ட்டில் ஏற்றினார்கள். இன்னும் சில வாரம் விட்டிருந்தால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று திட்டிக்கொண்டே டாக்டர் கட்டுப் போட்டார். மேலே தூக்கப் போனபோது, "கொஞ்சம் இருங்கப்பா" என்றார். மழை விட்டிருந்தது. ஜன்னல்களிலிருந்து வெளியே நீட்டிய மூங்கில் கழிகளில் துணிகள் வரிசை வரிசையாக மெல்ல ஆடின. வெகுநேரம் அண்ணாந்து தேடி, தன் நீலச் சட்டை காயும் ஜன்னலைக் கண்டுபிடித்தார்.

"இவ்ளோ நாள் அங்கதானே ஒக்காந்திருந்தேன்," என்றார். "இங்கேர்ந்து பாத்தா ஆள் இருக்கிறதே தெரியல லா."