தார் அட்டை எந்தப் பக்கம்

எங்கள் புழு வீட்டுக்குக் கூரை போட்ட மேஸ்திரியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் செத்துப் பல வருடமாகிறது. அதனால் என் கோபத்தில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஐம்பதுகளில் ஓசூருக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவே எங்களுக்கு நிலம். அதில் பாதி மல்பெரி. பட்டுப்புழு வளர்ப்பதற்கென்று வீட்டை ஒட்டித் தனியாக ஒரு கட்டடம் எழுப்பினோம். எங்கள் பக்கத்து மார்கழிக் குளிர் புழுவுக்கு ஆகாது, உள்ளே கரி அடுப்பு வைத்துச் சூடு காட்ட வேண்டும். அந்தச் சூடு தங்க வேண்டுமென்று மூங்கில் பரப்பி, அதன்மேல் வைக்கோல் போட்டு, மேலே தகரம் வேய்ந்தோம். மேஸ்திரி பெங்களூர் தண்டில், பட்டாளத்தார் குடியிருக்கும் பகுதியில், கட்டட வேலை பார்த்தவர். அங்கிருந்து தார் ஊறிய அட்டைச் சுருள் கொண்டுவந்து வைக்கோலுக்கு மேலே, தகரத்துக்குக் கீழே விரித்தார். அங்கெல்லாம் அப்படித்தான் போடுவார்களாம்.

"மழ உள்ள வராது, சரி. உள்ள ஈர எலையும் புழுவும் விடற ஆவி வைக்கோலுக்குள்ள ஏறுமே, அது எங்க போவும்?" என்று கேட்டேன்.

"சோத்துப் பானைய நீ பாத்துக்கம்மா. கூரைய நான் பாத்துக்கறேன்" என்றார். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

மார்கழி வந்தது. வானத்தில் ஒரு மேகம் கிடையாது, ஆனால் கூரை சொட்டியது. கூடு கட்ட வேண்டிய பருவத்தில் புழுக்கள் சுண்ணாம்புக் கட்டிபோல் வெளுத்து, விறைத்துச் செத்தன. தட்டுத் தட்டாகக் குழியில் கொட்டி எரித்தோம்.

மேஸ்திரி வந்து அண்ணாந்து பார்த்தார். கூரை மேல் தப்பு என்றால் அவர் பெயர் கெட்டுவிடும். மாதவிலக்கான பெண் புழு வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு. அதுவரை நான் அதை மீறியதே இல்லை. அவரோ என் மாமியாரிடம், "தகரத்துல ஒரு ஓட்ட இல்லக்கா. தீட்டு பட்டிருக்கு. வூட்டுப் பொம்பளைய கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரத்துக்குள் ஊரில் எனக்குப் புழுவைத் தின்றவள் என்று பெயர். தீட்டில்லாத நாளில்கூட உள்ளே வரக் கூடாது என்றார் மாமியார். கல்யாணத்துக்குப் போனால் என் பக்கத்தில் உட்காரத் தயங்கினார்கள். அந்த ஆளைப் பழிவாங்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பங்குனியில் மாமியார் ஒரு கல்யாணத்துக்காக மத்தூர் போனார். நான் வீட்டுக்காரரை ஏணியில் ஏற்றி, ஒரு தகரத்தைக் கழற்றச் சொன்னேன். தார் அட்டையின் மேல்பக்கம் காய்ந்து கிடந்தது. அதற்கு அடியில் வைக்கோல் கறுத்து, பூஞ்சணம் பிடித்து நாறியது. மழை ஒழுகியிருந்தால் மேல்பக்கமல்லவா நனைந்திருக்கும்? அறையிலிருந்து ஏறிய ஆவி வைக்கோலைத் தாண்டி, குளிர்ந்த அட்டையில் முட்டி, தண்ணீராகித் திரும்பி இறங்கியிருக்கிறது. அந்த ஈரமும் பூஞ்சணமும்தான் புழுவைக் கொன்றிருக்கின்றன. அவர் ஒரு பிடி வைக்கோலை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு இறங்கினார்.

"இனிமே என்ன பண்றது?"

"அட்டைய மூங்கில் மேல போட்டு, அதும்மேல காஞ்ச வைக்கோல் போடுங்க. ஆவி மேல ஏறவே கூடாது."

இரண்டு நாளில் முடித்தோம். அட்டைகளை ஒரு சாண் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, இணைப்பில் தார் காய்ச்சிப் பூசினோம். வைக்கோலுக்குக் காற்றுப்பட இறவாரத்தில் சந்து விட்டோம். கேட்டவர்களிடம் எலி புகுந்துவிட்டது என்றோம். புழுவுக்கு வாடை ஆகாது என்பதால் தார் நெடி போகும்வரை மாதக்கணக்கில் சன்னல்களைத் திறந்தே போட்டோம்.

அடுத்த மார்கழியில் கூரை சொட்டவில்லை. ஆனால் எனக்கு அது போதாது. நான் உள்ளே வராததால்தான் புழு பிழைத்தது என்று சொல்லிவிடுவார்களே. புழு வெறிபிடித்துத் தின்னும் கடைசிப் பருவத்தில் என் மூன்று நாள் வந்தது. மாமியார் இலை பறிக்கப் போனதும் உள்ளே போனேன். ஒவ்வொரு தட்டுக்கும் என் கையாலேயே இலை போட்டேன். வீட்டுக்காரர் பார்த்தார், இலைக்கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். மூன்று நாளும் அப்படியே செய்தேன். ஒரு தட்டு வெளுத்தாலும் மேஸ்திரி சொன்னதை நானே மெய்யாக்கியவளாவேன்.

வெளுக்கவில்லை. கூடுகள் கெட்டியாக வந்தன. கூடு பறிக்கும் நாளில் அக்கம்பக்கமெல்லாம் கூடியது. மேஸ்திரியும் வந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, "பாத்தியாக்கா? தீட்டு படலன்னா என் கூரைக்கு என்ன கொற?" என்றார்.

"தீட்டு மூணு நாளும் நான்தான் எல போட்டேன்" என்றேன்.

பறித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. மாமியார் மெதுவாக, "மூணு நாளுமா?" என்று கேட்டார்.

"மூணு நாளும், அத்தை. இது அவரு போட்ட கூரையும் இல்ல. அட்டைய நாங்க அடியில மாத்திட்டோம்."

மாமியார் மடியிலிருந்த கூடுகளைக் கூடையில் கொட்டிவிட்டு எழுந்தார். மேஸ்திரி பக்கம் திரும்பி, "ஏணிய எடு. ஏறிப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார்.

ஏறினார். தகரத்தின் ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விட்டு வெகுநேரம் துழாவினார். இறங்கியபோது அவர் கையில் காய்ந்த வைக்கோல் இருந்தது.

"அட்ட அடியிலதான் இருக்கணும். தப்பு என்னுது" என்றார் தரையைப் பார்த்து.

கூடு பறிக்க வந்தவர்களில் பாதிப் பேர் கன்னடக்காரர்கள், சிலர் தெலுங்கு. என் பெயர் அவர்கள் வீடுகளிலும்தான் நாறியிருந்தது.

"அவங்களுக்கும் புரியணும். கன்னடத்துல சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். தெலுங்கிலும் சொன்னார். கடைசி வார்த்தை வெற்றிலைச் சாற்றோடு தொண்டைக்குள்ளேயே போனது.

"கேக்கல மேஸ்திரி" என்றேன். "இன்னொரு வாட்டி சொல்லுங்க."