அப்புக்காத்து என்பது அவர் பேரல்ல

போன திங்கட்கிழமை காலை அடையாறிலிருந்து போன் வந்தது. "உங்க ஆபீசுக்கு வருவாரே சிலோன்காரர், அவர் தவறிட்டாரும்மா. காபி குடுக்கக் கதவைத் தட்டினேன், திறக்கல," என்றார் அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். மயிலாப்பூரில் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்து போகிற நீங்கள் எல்லோரும் அவரை அறிவீர்கள். ஆனால் அவர் பேர் உங்களில் ஒருவருக்கும் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் தலை நரைக்கும்வரை வக்கீலாக இருந்தவர். சண்டை முற்றியபோது படகேறி வந்தார். என்னைப் பார்க்க வந்த முதல் நாள், "யார்னு சொல்லட்டும்?" என்று குமாஸ்தா மணி கேட்க, "யாழ்ப்பாணத்து அப்புக்காத்து எண்டு சொல்லுங்கோ," என்றிருக்கிறார். மணி உள்ளே வந்து, "அப்புக்காத்துன்னு ஒர்த்தர் வந்துகிறார் மேடம்," என்றான். அது அவர்கள் ஊரில் வக்கீலுக்குப் பழைய சொல். மணியோ அதைப் பேராகவே பிடித்துக்கொண்டான். நான் திருத்தப் போனபோது அவர் தடுத்தார். "விடுங்கோ தங்கச்சி. இந்த ஊரில என்னை அப்பிடிக் கூப்பிட வேற ஆர் இருக்கினம்?"

அவர் இங்கே வக்கீலாகப் பதிய வேண்டும் என்று நானும் ஏறாத படியில்லை. பட்டம் வெளிநாட்டுப் பட்டம், செல்லாது என்றார்கள். செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும் ஆள் இந்தியரில்லையே என்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே. இத்தனைக்கும் இரண்டு நாட்டுச் சாட்சியச் சட்டமும் ஒரே வார்ப்பு. மரண வாக்குமூலம் இங்கே முப்பத்திரண்டாம் பிரிவென்றால் அங்கேயும் முப்பத்திரண்டுதான். "சட்டம் ஒண்டுதான் தங்கச்சி, வாசல்தான் வேற," என்பார். கசப்பில்லாமல்தான் சொல்வார். எனக்குத்தான் கசக்கும்.

ஒரு தடவை அந்தப் பிரிவிலேயே நீதிபதி என்னை மடக்கினார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பின்வரிசையில் கட்சிக்காரர்களோடு உட்கார்ந்திருந்தவர் சட்டென்று எழுந்தார். வாய்கூடத் திறந்துவிட்டது. பிறகு தான் யார் என்பது நினைவு வந்ததுபோல, வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்ததும் பதிலைச் சொன்னார். அருமையான பதில். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

வக்கீல் யாராவது இறந்தால் கோர்ட்டில் எழுந்து நின்று இரங்கல் சொல்வது நம் வழக்கம். இவருக்கும் கேட்டுப் பார்த்தேன். பதிவில் இல்லாதவருக்கு முடியாது என்றார்கள். சண்டை போடவும் எனக்குத் தெம்பில்லை.

கனடாவிலிருக்கும் மகளால் வர முடியவில்லை. மயானத்தில் பேர் கேட்டார்கள். "தில்லையம்பலம்," என்றேன்.

"இன்னா மேடம், பேரை மாத்திச் சொல்றீங்க?" என்றான் மணி.

"அதுதான் மணி அவர் பேர். அப்புக்காத்துன்னா அவங்க ஊர்ல வக்கீல்."

"அப்போ இத்தினி வருஷமா நான் அவர வக்கீலேன்னுதான் கூப்ட்டுகினு இருந்தனா?"

"ஆமாம்."

உள்ளே கொண்டுபோகும்போது அவன் பக்கத்தில் போய்க் குனிந்து, தினமும் வாசலில் கூப்பிடுகிற அதே குரலில், "வாங்க அப்புக்காத்து சார்," என்றான்.

ஊரிலிருந்து அவர் கொண்டுவந்திருந்த கறுப்பு வக்கீல் அங்கியை மகளுக்கு அனுப்பியாகிவிட்டது. மடிப்புக் கலையாத அங்கி. எனக்கென்று மிச்சம் அந்த ஒரு சொல்தான்.