முதல் பக்கத்தில் எங்கள் பட்டறை

இரண்டாயிரத்து எட்டின் கடைசியில் நான் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு லேத் பட்டறையில் இருந்தேன். அதற்கு முன் ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்கினேன். லாரி கிளீனராக விஜயவாடா வரை போய்வந்தேன். ஜூஜுவாடி பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரைச் சில மாதம் பார்த்துக்கொண்டேன். ஒன்பதாவதோடு பள்ளியை விட்ட எனக்குக் கம்ப்யூட்டர் தெரிந்தது அந்த அளவுக்குத்தான். பட்டறையில் அதுவே பெரிய படிப்பு. சரக்கு அனுப்புவதற்காக என்னை எடுத்த முதலாளி, ஆபீஸ் கம்ப்யூட்டரையும் என் பொறுப்பில் விட்டார்.

அந்தச் சமயம் வண்டி செய்யும் பெரிய கம்பெனிகள் உற்பத்தியைக் குறைத்தன. எங்களுக்கு வந்துகொண்டிருந்த பின், புஷ் போன்ற சின்ன உதிரிபாக ஆர்டர்கள் பாதியாகி, பிறகு நின்றே போயின. முதலாளி மூன்று ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார். "ஆர்டர் வந்ததும் கூப்பிடுதேன்" என்றார். திருநெல்வேலிக்காரர். சொன்னால் செய்கிறவர்தான், ஆனால் ஆர்டர் வர வேண்டுமே. அந்த மூவரில் மூத்தவர் சேலத்திலிருந்து வந்த டர்னர், லேத்தில் கடைகிறவர். எனக்கு அவர் அண்ணா.

அப்போதுதான் பெங்களூரில் ஒரு விளம்பர ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். இன்டர்நெட்டில் தேடுகிறவர்களுக்கு முதல் பக்கத்திலேயே எங்கள் பட்டறை தெரியும்படி செய்வதாகச் சொன்னாள். எந்த வார்த்தையைத் தேடினால் நாம் வர வேண்டுமோ, அது கீவேர்டு. விளம்பரம் ஒருவர் கண் முன் வந்தால் அது இம்ப்ரெஷன், அதற்குக் காசில்லை. அதை அழுத்தி உள்ளே வந்தால் கிளிக், அதற்குக் காசு. ஒரு நாளைய பட்ஜெட் தீர்ந்ததும் விளம்பரம் மறைந்துவிடும், மறுநாள் திரும்ப வரும்.

"எவனோ அமுக்குததுக்கு நான் ஏம்ல துட்டு கொடுக்கணும்?" என்று முதலாளி என்னிடம் கேட்டார். கேட்டுவிட்டுச் சம்மதித்தார். வேறு வழி இருக்கவில்லை.

விளம்பரம் வந்ததும் நான் அண்ணாவிடம் சொன்னேன். அவர் மற்ற இருவருக்கும் சொன்னார்.

அடுத்த வாரம் ஏஜென்சிப் பெண் சந்தோஷமாகப் பேசினாள். "கிளிக் சூப்பரா வர்து சார். மத்தியானத்துக்குள்ளயே பட்ஜெட் முடிஞ்சி போகுது." ஆனால் விலை கேட்டு ஒரு போன்கூட வரவில்லை.

காரணம் டீக்கடையில் தெரிந்தது. "காலைல பாத்தன் தம்பி. நம்ம பட்டறை மேலயே நிக்குது" என்றார் அண்ணா. "நாலு தரம் தொறந்து பாத்தன். மச்சானையும் தொறக்கச் சொன்னன். நெறைய பேரு தொறந்தாத்தான மேல நிக்கும்?"

"அண்ணா, நீங்க அமுக்கற ஒவ்வொன்னுக்கும் சாரு காசு கட்டறாருங்ணா."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "நாங்க அமுக்கறதுக்கா? பிரவுசிங் சென்டர்ல நாங்களும்தான காசு குடுக்கறோம்."

"ரெண்டு பக்கமும் வசூலா? நல்ல யாவாரம்" என்றார் டீக்கடைக்காரர். "நாளைலேந்து நானும் டீயப் பாத்தா ஒரு ரேட்டு, குடிச்சா ஒரு ரேட்டு."

அண்ணா சிரிக்கவில்லை. மற்ற இருவரிடமும் அவரே போய்ச் சொன்னார். மறுநாளிலிருந்து பட்ஜெட் மாலை வரை நின்றது. ஆனால் விளம்பரம் மெல்லக் கீழே இறங்கி, இரண்டாம் பக்கத்துக்குப் போனது. அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"யாரோ தேடிப் பாக்கறாங்கோ, ஆனா கிளிக் பண்றதில்ல. அப்டியே நடந்தா, இது யாருக்கும் வேணாம்னு அந்த சிஸ்டம் நெனச்சுக்கும். கீழ தள்ளிடும்."

"ஓசூருக்கு மட்டும் தெரியாம பண்ண முடியாதாங்க?"

"உங்க ஊரு கனெக்‌ஷன் எல்லாம் பெங்களூர்னுதான் சார் காட்டுது. பெங்களூரை எடுத்துட்டா அப்பறம் வாங்கறவங்க யாரு?"

முதலாளியிடம் சொன்னேன். தேடுவது யார் என்று அவருக்கும் புரிந்தது. "நீயே போய்ச் சொல்லிரு. எனக்குச் சேலத்தான் மூஞ்சியப் பாத்துச் சொல்ல வராது."

அண்ணாவின் வீடு வரிசை வீடுகளில் ஒன்று. பட்டறைச் சட்டையைத் துவைத்து வாசல் கொடியில் போட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பாக்கவும் கூடாதா?"

"வேண்டாங்ணா. பாத்துட்டுத் தொறக்காம உட்டா அது கீழ போவுது."

"நான் ஒருத்தன் பாத்தா போயிடுமா?"

"மூணு பேரும் தெனமும் பாக்கறீங்களேங்ணா."

உள்ளே அவர் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆர்டர் வந்தா சாரு கூப்புடுவாரு, தெரியும். ஆனா பட்டறை இருக்குதா, மூடிட்டாரான்னு எனக்கு எப்படித் தெரியும்? பட்டறை கேட்டாண்ட வந்து நிக்க வெக்கமா இருக்குது. கம்ப்யூட்டர்ல பாத்தா, இருக்குதுன்னு தெரியும். வூட்டுக்கு வந்து பதில் சொல்ல முடியும்."

"நான் அப்பப்ப வந்து சொல்றங்ணா."

"வேணாம் தம்பி. நீ வந்தாலே ஆர்டர்னு நெனச்சிக்குவா. ஆர்டர் வந்தா வா."

அதன்பின் மூவரும் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். விளம்பரம் மறுபடி முதல் பக்கத்துக்கு ஏறியது. தை கழிந்து ஒரு நாள் போன் வந்தது. எங்கிருந்தோ அல்ல, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலிருந்து. சாம்பிள் கேட்டார்கள். அதை முதலாளியே லேத்தில் நின்று கடைந்து அனுப்பினார். ஆர்டர் உறுதியானது. பெரிய ஆர்டர் இல்லை, ஓராளுக்கு வேலை இருக்கும்.

"ஓடுல. சேலத்தானக் கூட்டிட்டு வா" என்றார். அண்ணாவின் செல்லுக்கு அடித்துப் பார்த்தேன். ரீசார்ஜ் செய்யாமல் இன்கமிங்கும் நின்றுபோயிருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

கொடியில் துணி இல்லை. கதவில் பூட்டு. வீட்டுக்கார அம்மா தெலுங்குக்காரர். எட்டிப் பார்த்தார்.

"காலி பண்ணிட்டாங்கப்பா, போன வாரமே. சேலத்துக்கே போறோம்னு சொன்னாங்க."

"பட்டறைல கூப்புடுவாங்கன்னு அண்ணா சொல்லலீங்களா?"

"பட்டறையா? அத மூடிட்டாங்கன்னு சொல்லிச்சே அந்தம்மா. தெனம் கம்ப்யூட்டர்ல போயி பாத்துட்டு வருவாராமே, அதையே உட்டுட்டாராம். கேட்டா வாயே தொறக்கலயாம். இனி அங்க ஒன்னும் இல்லன்னு அவங்களே புரிஞ்சிக்கிட்டாங்க. நகைய வெச்சி வண்டி புடிச்சி போயிட்டாங்க."

சேலத்தில் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்து சொன்னேன். "அடுத்தவனக் கூப்பிடு" என்றார் முதலாளி.

அடுத்தவர் அன்று மத்தியானமே வந்துவிட்டார். அண்ணாவின் லேத் முன்னால் நின்று, "அவரு வரலியா?" என்று கேட்டார். ஊருக்குப் போய்விட்டார் என்றேன். அவர் மெஷினைத் தொடாமல் நின்றுகொண்டே இருந்தார். முதலாளி வந்து சுவிட்சைப் போட்டார்.